இடது கைக்குக் கன்றுக்குட்டி, வலது கைக்குக் கண்ணாடிக் குழாய்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நான் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது.

பயத்தில் பல வகை உண்டு. சிலருக்குப் பேய், சிலருக்குப் பொலிஸ், சிலருக்குப் பெண்சாதி. (மூன்றாவது சங்கத்தில் நானும் ஆயுட்கால அங்கத்தவன். அது வேறு கதை.) என்னுடைய பிரதான பயம் நோய். பக்கத்தில் யாராவது தும்மினால் எனக்குக் காய்ச்சல் அடிக்கும். சாதாரணப் பயந்தாங்கொள்ளி போர்வைக்குள் பேசாமல் ஒளிந்துகொள்வான். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த பயந்தாங்கொள்ளி. ஆகவே கிருமியின் விஞ்ஞானப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒளிந்துகொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. பட்டத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலம். கல்முனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் நிந்தவூர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படித்தான் நானும் கல்முனையில் பரீதாவின் வீட்டுக்குப் போனேன். புது மாப்பிள்ளை என்பவன் அந்த வீட்டில் பாதி விருந்தாளி, பாதி கண்காட்சி. அவன் கோழிக்காலைச் சாப்பிட்டாலும் செய்தி, சாப்பிடாவிட்டாலும் செய்தி.

பரீதாவின் வாப்பா, அதாவது என் மாமா, பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கும் மரைக்காயர்களில் ஒருவர். தொழுகையில் எப்போதும் முன்வரிசை. இறக்காமத்துப் பக்கம் வயல். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது தீர்மானமாகத்தான் இருக்கும்.

கலியாணம் முடிந்த கையோடு வந்த நோன்பு மாதம் அது. கச்சான் காற்று அனலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, பரவியது. பக்கத்து வளவுப் பிள்ளைகள் உடம்பெல்லாம் கொப்புளங்களோடு வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

"அது சின்னப் புள்ளகளுக்கு வாற வருத்தம்" என்றாள் பரீதா. "எனக்கும் வந்த. ஜெமீல் காக்காவுக்கும் வந்த. நாங்க என்ன மௌத்தாப் போயிட்டமா?"

"பெரியாக்களுக்கு வந்தாத்தான் புள்ள ஆபத்து. நியூமோனியா வரும். மூளைக்கு ஏறும்."

"ஒங்களுக்கு அந்தப் பயமில்ல. ஏறுறதுக்கு அங்க மூளை வேணுமே."

இந்த நிலையில்தான் பரீதாவின் அண்ணன் ஜெமீல் காக்கா சவூதியிலிருந்து நோன்பு விடுமுறைக்கு வந்து இறங்கினார். அவருக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. 'ஆஸ்பத்திரியில பெரிய வேலை' என்பது மாமி ஊருக்குச் சொன்னது. தரை துடைக்கும் வேலை என்பது ஜெமீல் மச்சான் எனக்கு மட்டும் சொன்னது. பெட்டி திறக்கப்பட்டது. மாமிக்குத் தடித்த கம்பளிப் போர்வை (அந்த வெயிலில்!), மாமாவுக்கு டோர்ச் லைட், பரீதாவுக்கு அத்தர். எல்லாரும் எழும்பிப் போன பிறகு, மச்சான் ஒரு சுடுதண்ணிப் போத்தலைத் திறந்தார். உள்ளே ஐஸ். ஐஸுக்குள் இரண்டு சின்னப் பெட்டிகள்.

"மச்சான், நீங்க வருத்தத்துக்குப் பயப்படுற ஆள் எண்டு தங்கச்சி எழுதியிருந்தா. இது வருத்தம் வராமலே காக்கிற சாமான். ஊசியில ஏத்துற."

"இதெல்லாம் எங்க எடுத்த?"

"எங்கட பெரிய டாக்டருக்குக் கொம்பனிக்காரன் மாதிரிக்கெண்டு குடுக்கிறான். அந்தாள் அதத் திறந்தும் பாக்கிறல்ல. நேர குப்பைக்கூடைக்குள்ள போடுவாரு. அந்தக் குப்பைக்கூடை என்ட பொறுப்பு."

புத்தியுள்ளவன் இந்த இடத்தில் நின்றிருப்பான். ஒரு பெரிய டாக்டர் திறந்தும் பாராமல் எறிந்த மருந்து! ஆனால் அந்தக் காலத்தில் சவூதிக் குப்பைக்கூடைக்கு எங்கள் ஊர் பாமஸிகளை விட மதிப்பு அதிகம்.

பெட்டிகளுக்குள் குப்பிகளோடு மடித்த தாள்களும் இருந்தன. எறும்பு ஊர்ந்ததுபோல் இங்கிலீஷ் எழுத்து. நான் அதைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு படித்தேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. உடம்பின் காவற்படைக்குப் பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூடம் அது. முதலாவது குப்பியில் இருந்தது, கன்றுக்குட்டிகளின் தைமஸைப் பிழிந்து எடுத்த பெப்டைட்டுகள். இரண்டாவதில் கன்றும் இல்லை, மாடும் இல்லை. அதே சுரப்பியின் சரக்கைப் பார்த்துத் தொழிற்சாலைக் கண்ணாடிக் குழாயில் செய்த சின்னஞ்சிறு பெப்டைட். இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்திக்குத் துணை நிற்குமாம். இரண்டு தாளிலும் கடைசியில் ஒரே மாதிரி வசனம்: இது இன்னும் ஆய்வில் உள்ளது, பலனும் பாதுகாப்பும் உறுதிப்படுத்தப்பட வேண்டும்.

அது ஓர் எச்சரிக்கை. நான் அதை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டேன். செய்தவனே தனக்குத் தெரியாது என்கிறான். அப்படியானால் கல்முனையிலிருந்து ஒருவன் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வதில் என்ன தவறு?

அன்று நோன்பு துறந்து கஞ்சி குடித்த கையோடு அறைக்குள் ஒரு மாநாடு கூடியது. பரீதாவும் ஜெமீல் மச்சானும் சபையோர். நான் பேராசிரியர்.

"பெப்டைட் எண்டா என்ன தெரியுமா? புரதம் இரிக்கெல்லோ, இறைச்சி மாதிரி. அது முழுத்துண்டு. அதக் கொத்திச் சின்னச்சின்னத் துண்டாக்கினா பெப்டைட்."

"அப்ப கொத்துறொட்டி" என்றாள் பரீதா.

"ஒரு வகையில அப்படித்தான்" என்றேன் பெருந்தன்மையாக. (ஒரு நல்ல ஆசிரியன் மாணவர்களின் உதாரணத்தைத் தட்டிவிடக் கூடாது. அந்தக் கொள்கை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள்.)

"கொத்துறொட்டிய வாயால திண்டாப் போதாதா? ஊசியால ஏத்தணுமா?"

எது சிறந்தது என்று விவாதம் தொடங்கியது. ஜெமீல் மச்சான் தொழிற்சாலைப் பக்கம். "மெசின்ல செஞ்சது சுத்தம் மச்சான். கண்டுக்குட்டிய யார் அறுத்தான், பிஸ்மி சொன்னானா, ஒண்டும் தெரியா." பரீதா கன்றுக்குட்டிப் பக்கம். "அது ஒரு காலத்தில உயிரோட இரிந்த சாமான். மத்தது எந்த நாளும் உயிரைக் கண்டிரிக்கா."

இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. ஆகவே இடது கைக்குக் கன்றுக்குட்டி, வலது கைக்குத் தொழிற்சாலை என்று தீர்மானித்தேன். கொப்புளிப்பான் வந்தால் எந்தக் கையில் கொப்புளம் குறைவோ அந்த மருந்து வென்றது. இரத்தம் உடம்பு முழுக்கச் சுற்றி ஓடுகிறது என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவன் நான். இடது கையில் போன மருந்து இடது கையோடு நின்றுவிடும் என்று எந்த விலங்கியலில் படித்தேன் என்பது இன்றுவரை எனக்கே புரியவில்லை.

குப்பிகளைக் குளிரில் வைக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. மச்சான் முந்திய முறை கொண்டுவந்த பிரிட்ஜ் வீட்டில் இருந்தது. சர்பத் போத்தலுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மாமா, மாமிக்குத் தெரியாது. வருத்தமில்லாத மருமகன் மருந்து ஏற்றுகிறான் என்றால் மானம் போய்விடும். ஆறுதலாக, ஓர் இரவில் போட்டுக்கொள்வதாகத் திட்டம்.

மறுநாள் பகல், லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, கறண்ட் போய்விட்டது.

அந்த வருடம் மலைநாட்டில் மழையில்லை, அங்கே நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன என்று கறண்ட் வெட்டு நடந்துகொண்டிருந்த காலம். உறுமிக்கொண்டிருந்த பிரிட்ஜ் ஒரு பெருமூச்சோடு அடங்கியது. நான் கதவைத் திறந்து பார்த்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன். (திறக்கத் திறக்கக் குளிர் போகும் என்பதும் படித்ததுதான்.) குப்பிகளின் மேல் வியர்வை பூத்திருந்தது. எனக்கும்தான். என் கண் முன்னே என் உயிர் கரைந்துகொண்டிருந்தது.

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சந்திக்கு ஓடினேன். கொம்பவுண்டர் கந்தையா ஐயா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பாண்டிருப்புக்காரர். ஓய்வு பெற்றும் ஊசிப் பெட்டியை விட்டுப் பிரியாத மனிதர். அவரை ஏறக்குறையக் கடத்திக்கொண்டு வந்து, பின்பக்கத்தால் அறைக்குள் ஏற்றி, கதவைச் சாத்தினேன். பரீதா கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றாள்.

ஐயா குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன மருந்து தம்பி இது? நான் காணாத சாமானாக் கிடக்கு."

"பெப்டைட் ஐயா. ரெண்டு வகை."

"அது சரி. ஊசிக்குள்ளால போகுமா?"

"போகும்."

"அப்ப காட்டுங்க கையை."

இடது கைக்கு ஒன்று. வலது கைக்கு ஒன்று. பஞ்சால் துடைத்து, ஊசியைப் பெட்டிக்குள் வைத்து, சாவகாசமாகப் பெட்டியை மூடிய பிறகு கந்தையா ஐயா கேட்டார்: "தம்பி, இண்டைக்கு ஒங்களுக்கு நோன்பு இல்லையா?"

நான் சட்டைக் கைகளை அவசரமாக இறக்கிவிட்டேன்.

பயத்தில் எனக்கு நோன்பே மறந்துபோயிருந்தது. ஊசி மருந்தென்றால் ஏதாவது சமாளிக்கலாம். ஆனால் பெப்டைட் என்பது என்ன? கொத்திய இறைச்சி. சொன்னது யார்? நான்தான். ரமழான் மாதத்தின் நட்டநடுப் பகலில், மரைக்காயர் வீட்டு மருமகன், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கொத்துறொட்டி ஏற்றியிருக்கிறான்!

"நான் நேத்தே சொன்னன்" என்றாள் பரீதா.

"நோன்பு எண்டு ஞாபகப்படுத்தக் கூடாதா?"

"ஆளக் கதைக்க விட்டாத்தானே! ஐயாவத் தோள்ல தூக்காத குறையா இழுத்துக்கொண்டு வந்தீங்க."

கந்தையா ஐயா நைசாகப் பின்பக்கத்தால் போய்விட்டார்.

சின்ன வயதில் ஓதப் போன இடத்தில், வேண்டுமென்றே நோன்பைப் பாழாக்கினால் பரிகாரமாக அறுபது நோன்பு பிடிக்க வேண்டும் என்று கேட்டது எங்கோ மூளையில் ஒட்டியிருந்தது. எதைச் செய்தால் அந்த அறுபது என்ற பகுதியில் நான் தூங்கிவிட்டேன் போலும். முறிந்ததா இல்லையா என்று கேட்க எனக்குப் பொறுமையில்லை. குற்றவாளி என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு, தண்டனை விபரம் மட்டும் கேட்கப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

மாலை அஸர் தொழுகைக்கு முந்திய நேரம். மௌலவி ஹவுழடியில், தண்ணீர்த் தொட்டியோரம் குந்தி, கை கால் கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். அருகில் போய்க் குந்தினேன்.

"ஹஸரத், மார்க்க விசயம் ஒண்டு கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"அந்த அறுபது நோன்பு இரிக்கே, அதை ஒரேயடியாத்தான் பிடிக்கணுமா? துண்டுதுண்டாப் பிடிக்க ஏலாதா? இடையில டியூசன்ல சோதனை வருது."

முழங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

இங்கே வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மத்ஹபின்படி, அதாவது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவின்படி, நோன்பை முறிக்க எத்தனையோ வழிகள் உண்டு. தெரிந்தே சோற்றை அள்ளித் தின்றாலும் அறுபது கிடையாது. அறுபதைக் கொண்டுவரும் காரியம் ஒன்றே ஒன்றுதான். அது நோன்புப் பகலில் புருசனும் பெண்சாதியும் கூடுவது. இது ஊரில் ஓதிய பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

"யாருக்குத் தம்பி?" என்றார் மௌலவி மெல்ல.

"எனக்குத்தான் ஹஸரத்."

"எப்ப?"

"இண்டைக்குப் பகல்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கலியாணம் முடித்து மூன்று மாதம்கூட ஆகாத மாப்பிள்ளை. "அல்லாஹ் மன்னிக்கிறவன். தவ்பாச் செய்யுங்க. ஒரேயடியாத்தான் பிடிக்கணும். இடையில ஒண்டு விட்டாலும் திரும்ப முதல்ல இருந்து."

"இல்ல ஹஸரத், நடந்தது என்னண்டா…"

"வேணாம்!"

"விபரத்தச் சொன்னாத்தானே…"

"தம்பி, நானும் நோன்போட இரிக்கன். விபரம் வேணாம்!" என்று எழும்பி நடந்தார். பாதி ஒளுவில் ஒரு மௌலவி எழும்பிப் போனதை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

ஒரு கொத்துறொட்டி விசயத்துக்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மௌலவி நல்ல மனிதர். விசயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் மட்டும், "மருமகனைப் பெருநாள் வரைக்கும் பகல்ல வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போங்க, நல்லம்" என்றாராம். ஹவுழடியில் எனக்குப் பின்னால் ஒளுச் செய்துகொண்டிருந்த இரண்டு பேருக்கு அந்த நல்ல குணம் இருக்கவில்லை.

அன்று நோன்பு துறக்கும்போது மாமா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மருமகன், நாளையில இருந்து பகல்ல என்னோட வயலுக்கு வாங்க. கிளி விழுது. கலைக்க ஆள் வேணும்."

"ஓம் மாமா."

மாமி எங்கள் அறைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார். "பரீதா, நீ பகல்ல என்னோடதான் படுக்கணும். அறைத் திறப்பு என்ட கையில இரிக்கட்டும்."

ஊசி விசயம் வெளியாகிவிட்டது, காற்றோட்டமாக இருந்தால் மருமகனின் உடம்புக்கு நல்லதென்று நினைக்கிறார்கள் என்று எனக்கு ஒரே நெகிழ்ச்சி. எவ்வளவு பாசமான குடும்பம்!

மறுநாள் காலையில் என் இரண்டு கைகளும் தேங்காய் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனத்தன. ஊசி ஏறிய இடங்கள் வீங்கி, சிவந்து, தொட்டால் உயிர் போனது. உடம்பு கணகணத்தது. மாமாவின் டிராக்டரில் குலுங்கிக் குலுங்கி வயலுக்குப் போனேன். சிறுபோக நெல் வேளாண்மை பழுத்துக் கிடந்தது. கிளிகள் கூட்டமாக வந்து இறங்கின.

"கையை வீசிக் கலைங்க மருமகன்!"

"ஏலாது மாமா. கை தூக்க ஏலாமக் கிடக்கு."

"ஏன்?"

"உடம்பெல்லாம் ஒரே களைப்பா இரிக்கி மாமா."

மாமா வானத்தைப் பார்த்தார். கிளிகளைப் பார்த்தார். "ஓம், இரிக்கும்" என்றார். அதற்குப் பிறகு மாலைவரை அவர் என்னோடு பேசவில்லை. நான் வரம்பில் நின்று வாயால் மட்டும் 'ஹோ, ஹோ' என்று கத்தினேன். கிளிகள் நிதானமாகச் சாப்பிட்டன. நோன்பு எனக்குத்தானே.

இரவில் தராவீஹ் தொழுகைக்குப் போனால் பள்ளிவாசலில் ஒரு மாற்றம். கிழவர்கள் என் பக்கத்தில் நிற்காமல் தள்ளிப் போனார்கள். இளவட்டங்கள் ஏதோ வெற்றிபெற்று வந்த விளையாட்டு வீரனுக்கு வழி விடுவதுபோல் விலகி நின்றார்கள். தக்பீருக்குக் கையைக் காதுவரை உயர்த்த முடியவில்லை. இடுப்போடு நின்றது. பின்வரிசையில் ஒருவன் தன் கூட்டாளியிடம், "பாத்தியா, ஆளுக்குக் கை தூக்கவும் சத்தில்ல" என்றது தெளிவாகக் கேட்டது.

தொழுகை முடிந்து வாசலுக்கு வந்தபோது ஜெமீல் மச்சான் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மதிலோரம் நிறுத்தினார். சிரிப்பை அடக்க முடியாமல் அவருக்குக் கண்ணீர் வந்திருந்தது.

"மச்சான், ஹஸரத்திட்ட என்னத்தக் கேட்ட நீங்க?"

சொன்னேன். அறுபது எதற்கென்று அவர் விளக்கினார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நொடியில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து என்னை ஒருவரும் எந்தத் துணிச்சலுக்காகவும் சந்தேகப்பட்டதில்லை. இப்போது ஊரே சந்தேகப்படுகிறது! இப்படியே விட்டுவிட்டால்தான் என்ன? கொப்புளிப்பானுக்குப் பயந்து ஊசி போட்டவன் என்பதை விட இது எவ்வளவோ கம்பீரமான குற்றமல்லவா?

அந்தக் கம்பீரம் வீட்டு வாசல்வரைதான் நிலைத்தது.

பரீதாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. கிணற்றடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஒங்களுக்கு அது பெரிய வீரம். எனக்கு என்ன? என்னக் கண்டா வாயப் பொத்திக்கொண்டு சிரிக்காளுகள். உம்மா என்ட முகத்தப் பாக்கிறாவில்ல. வாப்பா இண்டைக்குத் தராவீஹ் தொழுதது எந்த வரிசையில தெரியுமா?"

"கவனிக்கல்ல."

"கடைசி வரிசையில. செருப்புக் கழட்டுற இடத்தில."

என் கண் வாசலில் கிடந்த செருப்புகள் மேல் விழுந்தது.

"நாளைக்கு அஸருக்கு எல்லாரும் இரிக்கக்குள்ள உண்மையச் சொல்லுங்க. ஏலாட்டி பெட்டியக் கட்டுங்க. நிந்தவூருக்கு பஸ் ஓடுது."

வெளியூர் வாசகர்களுக்கு இது சின்ன மிரட்டலாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் பெண்வீட்டுக்குப் போன மாப்பிள்ளை பெட்டியோடு உம்மா வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த பஸ்ஸில் போனவர்கள் யாரும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

"உண்மையச் சொன்னா என்னைப் பயந்தவன் எண்டு சிரிப்பாங்க புள்ள."

"சிரிக்கட்டும். அது பொய்யில்லையே."

மறுநாள் அஸர் தொழுது முடிந்ததும், ஆட்கள் எழும்ப முந்தி, நான் எழும்பி நின்றேன். கடைசி வரிசையில் மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாரும் கொஞ்சம் இரிங்க. நான் செய்த காரியத்தப் பத்திச் சொல்லணும்."

மௌலவி இரண்டு கைகளையும் ஆட்டினார். "தம்பி! விபரம் வேணாம் எண்டு சொன்னனே! இது பள்ளி தம்பி!"

வாயால் சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. சட்டைக் கைகள் இரண்டையும் தோள்வரை சுருட்டினேன். இடது கையில் ஒரு வீக்கம். வலது கையில் ஒரு வீக்கம். கோழிமுட்டை அளவு.

"ஊசி ஹஸரத்! நான் பகல்ல போட்டது ஊசி!"

மௌலவி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "என்ன வருத்தத்துக்கு?"

"வருத்தமில்ல ஹஸரத். வராம இரிக்கிறதுக்கு."

"எது வராம?"

என் வாழ்க்கையில் நான் மிகவும் சிரமப்பட்டு உச்சரித்த சொல் அதுதான். "கொப்புளிப்பான்."

"பாலர் வகுப்புப் புள்ளகளுக்கு வாறதா?" என்று ஒரு குரல் கேட்டது.

முதலில் சிரித்தவர் மாமா. அதிகம் பேசாத அந்த மனிதர், செருப்புக் கழற்றும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தோள்கள் குலுங்க, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு பள்ளிவாசலே சிரித்தது. ஹவுழடியில் ஒட்டுக்கேட்ட இரண்டு பேரும் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சிரித்தார்கள். மாமா எழும்பினார், எல்லாரையும் கடந்து வந்தார், முன்வரிசையில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து மீதியையும் சிரித்தார்.

தீர்ப்பு மட்டும் பாக்கி. "அது மருந்தா, சாப்பாடா?" என்றார் மௌலவி.

"மருந்து ஹஸரத்."

"கொத்துறொட்டி மாதிரி எண்டு மச்சான்தான் படிப்பிச்சுத் தந்தாரு" என்றார் ஜெமீல், நிருவாகத்துக்கு உதவும் நோக்கத்துடன்.

சிரிப்பு மறுபடியும் தொடங்கியது. நான் என் விரிவுரையை நானே மறுத்து, பெப்டைட் பசியை அடக்காது, வயிற்றுக்குப் போகாது, அது உணவே அல்ல என்று சபை முன் வாதாடினேன். என் டியூசன் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது இன்னொரு வேதனை.

"கையில போடுற மருந்தூசியால நோன்பு முறியாது" என்றார் மௌலவி. "மனசு கேக்காட்டி பெருநாளுக்குப் பிறகு ஒரு நோன்பைத் திரும்பப் பிடிச்சுக் களாச் செய்யுங்க."

"அப்ப அந்த அறுபது?"

"அறுபது எதுக்கெண்டு பெருநாள் முடிய வாங்க தம்பி. தனியாச் சொல்லித் தாறன்."

ஒப்பீட்டின் முடிவைக் கேட்பீர்கள். பெருநாளன்று நிந்தவூரிலிருந்து உம்மா வந்தார். எனக்குக் கொப்புளிப்பான் வரவேயில்லை, மருந்து வேலை செய்துவிட்டது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். உம்மா வட்டிலப்பத்தை வாயில் வைத்துக்கொண்டே, "அதெப்படி மனே திரும்ப வரும்? ஒனக்கு ரெண்டு வயசில மேலெல்லாம் போட்டதே. காதுக்குப் பின்னால தழும்பு கிடக்கு பாரு" என்றார். பரீதா கண்ணாடி கொண்டுவந்தாள். கிடந்தது. கன்றுக்குட்டியும் தொழிற்சாலையும் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே என் உடம்பு தன் பாட்டில் அந்த வேலையை முடித்து வைத்திருக்கிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, உம்மாவிடம் கேட்டிருக்கலாம். விஞ்ஞானிகள் உம்மாக்களிடம் கேட்பதில்லை. இரண்டு வீக்கங்களும் ஒரே நாளில் வற்றின. போட்டி சமநிலையில் முடிந்தது.

மௌலவி இன்றும் இருக்கிறார். தள்ளாத வயது. ஆனால் அந்த ரமழானுக்குப் பிறகு அவர் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார், இன்றுவரை விடவில்லை. நோன்புக் காலத்தில் எந்தப் புது மாப்பிள்ளை போய், "ஹஸரத், தனியா ஒரு விசயம் கேக்கணும்" என்றாலும், அவர் வாயைத் திறக்க விடமாட்டார். "முதல்ல ரெண்டு சட்டைக் கையையும் சுருட்டுங்க, பாப்பம்" என்பார்.

போன நோன்பில் என் மகளுடைய மாப்பிள்ளை ஸகாத் விசயமாக ஏதோ கேட்கப் போனார். வங்கியில் வேலை பார்க்கிற, மிகவும் மரியாதையான பையன். முகம் சிவந்து திரும்பி வந்தார்.

"மாமா, ஹஸரத் என்ட ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்டும் இல்லையே எண்டு கவலையா வேற சொன்னாரு. என்னத்துக்கு மாமா?"

எனக்கு இருமல் வந்தது. அடுப்படியிலிருந்து பரீதாவின் குரல்தான் பதில் சொன்னது.

"கையில ஒண்டும் இல்லையாமா? அப்ப அறைத் திறப்ப இஞ்ச தாங்க மகன்."